விழுந்த மணிக்கட்டும் ஆயாக் கொட்டகையும்

லாரியிலிருந்து இறங்கி, லயத்து (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் நின்ற என் மனைவி சரோஜாவுக்குக் கையசைத்தேன். கை மேலே போனது. மணிக்கட்டு போகவில்லை. வேலியில் காயப்போட்ட ஈரத்துண்டு மாதிரி உள்ளங்கை கீழ்நோக்கித் தொங்கியது.

"என்ன, கோழி விரட்டுறீங்களா?" என்றாள்.

சிரித்தேன். இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்தேன், விட்டேன். விழுந்தது. மறுபடியும் தூக்கினேன், விட்டேன். விழுந்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

இதே மாதிரி ஒருநாள் கை விழுந்து, இனி அவ்வளவுதான் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற இயந்திரத்தில் எனக்கு வேலை. ஓய்வு நாட்களில் எஸ்டேட் பேண்டில் டிரம். எழுபதுகளின் கடைசியில், இந்த மலையில் என்னைவிட வேகமாக அடிப்பவன் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்களும் நம்பினார்களா என்று விசாரித்ததில்லை.

நடந்தது இதுதான். கம்போங் ராஜா என்கிற ஊரில் ஒரு பகல் கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு, காய்கறி லாரியில் திரும்பினோம். வளைவுகளில் என் பெரிய டிரம் உருண்டுவிடும் என்று பயந்து, அதன் இரும்பு விளிம்பின்மேல் வலது கையைப் போட்டுக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தேன். இரண்டு போத்தல் ஸ்டவுட் பீர் உள்ளே போயிருந்தது. தூங்கிவிட்டேன். வழியில் பிரிஞ்சாங் ஊரில் முட்டைக்கோஸ் ஏற்ற லாரி வெகுநேரம் நின்றதாம். யாரும் எழுப்பவில்லை. டிரம் பத்திரமாக வந்து சேர்ந்தது.

மறுநாள் காலையில் எஸ்டேட் டிரெசர் (மருந்து கொடுத்துக் காயத்துக்குக் கட்டுப்போடுபவர்) எங்களைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு உடம்பு செயலிழப்பது) என்று வழியெல்லாம் மனதுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டு வந்தேன். சீன டாக்டர் என் காலைத் தட்டினார், பல்லைக் காட்டச் சொன்னார், பேசச் சொன்னார். பேசினேன். போதும் என்று கை காட்டினார்.

சரோஜா டிரெசரிடம், "பேச்சு மட்டும் நிக்கலையான்னு கேளுங்க" என்றாள். டிரெசர் அதை மட்டும் மலாயில் சொல்லவில்லை.

எதன்மேல் கையைப் போட்டுத் தூங்கினாய் என்று டாக்டர் கேட்டார். டிரம்மின்மேல் என்றேன். குடித்தாயா என்றார். சரோஜாவைப் பார்த்தேன். பதிலை அவளே சொன்னாள். ரேடியல் நரம்பு முடக்கம் (மேற்கை எலும்பைச் சுற்றி இறங்கும் நரம்பு நெடுநேரம் அழுந்தினால், மணிக்கட்டையும் விரல்களையும் தூக்கும் தசைகளுக்குச் செய்தி போகாது) என்றார். பெரும்பாலும் தானாகவே சரியாகும், ஆறு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம் என்றார். கை விழுந்தால் நீங்களும் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பக்கவாதமா இல்லையா என்று அவர்கள் சொல்லட்டும். அது பக்கத்து வீட்டுக்காரரின் வேலை அல்ல.

ஸ்பிளிண்ட் (மணிக்கட்டு தொங்காமல் நிமிர்ந்து நிற்க முன்கைக்கு அடியில் வைத்துக் கட்டும் பலகை) போட்டார்கள். கை எப்போதும் எதையோ நிறுத்தச் சொல்வதுபோல நின்றது. ஒருநாள் ரோட்டோரம் நடந்துபோனபோது டவுன் பஸ் நிஜமாகவே நின்றுவிட்டது.

என் கவலை கையைப் பற்றி மட்டும் அல்ல. சரோஜாவின் தங்கைக்குப் பத்து வாரத்தில் கல்யாணம். எங்கள் பேண்டுதான் வாசிக்க வேண்டும். பேண்டை நடத்துகிற ஆர்மோனியக்காரன் குமரேசன் சரோஜாவின் தம்பி. வீட்டுக்கு வந்து, கட்டைப் பார்த்து, காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னான்.

"மச்சான், கை வந்துட்டா நீங்க. வராட்டி பிரிஞ்சாங்குக்காரன கூப்பிடுவேன். கோவிச்சுக்காதீங்க லா."

பிரிஞ்சாங்குக்காரன் பூ லாரி ஓட்டுபவன். அழகாக அடிப்பான். ஒருமுறை அவன் உட்கார்ந்தால், டிரம்முக்குப் பின்னால் எனக்கு மறுபடி இடம் இருக்காது.

தொழிற்சாலையில் எனக்கு லேசான வேலை கொடுக்கச் சொல்லி டிரெசர் சீட்டு எழுதினார். எஸ்டேட் கிராணி (கணக்கு எழுதி ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர்) யோசித்து, என்னை ஆயாக் கொட்டகைக்கு அனுப்பினார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. உத்தரத்தில் வரிசையாகத் துணித் தொட்டில்கள். பார்த்துக்கொள்ளும் ஆயா ராசம்மா என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். வாய் மட்டும் ஐம்பது வயது மூத்தது. இடது கையில் ஒரு தொட்டில் கயிற்றைக் கொடுத்து உட்கார வைத்தாள். உள்ளே கங்காணியின் பேரன். எட்டு மாதம். கங்காணியின் குரல்.

டிரம்முக்கும் அரிச்சுவடி உண்டு. ஒற்றை அடி: வலது, இடது, வலது, இடது. இரட்டை அடி: வலது வலது, இடது இடது. பிறகு இரண்டும் கலந்து வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. ஈப்போ பேண்டுக்காரர் ஒருவர் இதை ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். அந்தத் தாளில் வடை மடித்துக்கொண்டு வந்தேன். என் வேகமான உருட்டல் அடி எல்லாம் வலது கையின் உழைப்பு. இடது கை கல்யாண வீட்டு விருந்தாளி மாதிரி, கூப்பிட்டால் வரும்.

அந்த விருந்தாளியைத்தான் இப்போது வேலைக்கு அனுப்பியிருந்தேன். இழுத்தேன், தள்ளினேன், இழுத்தேன். போகப்போக வேகம் கூடியது. பேரன் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு வாயை. அவனைக் கேட்டு மற்றத் தொட்டில்களும் தொடங்கின.

ராசம்மா வந்து கயிற்றைப் பிடுங்கினாள். "அண்ணே, யாரு வெரட்டுறா ஒங்கள? ஒரு தடவ தள்ளுனா போதும். திரும்பி வர்றது தொட்டில் வேல. அதையும் நீங்களே செஞ்சா அது எதுக்கு?"

அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, தலையணையை மடியில் வைத்து, குச்சியை இடது கையில் எடுத்தேன். தலையணையில் குச்சி துள்ளவில்லை. பழைய லாரி டயரில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். இறுக்கிப் பிடிக்காமல் ஒரு அடி. குச்சி தானாக எழும்பி வந்தது. அப்படியே விட்டேன், இரண்டாவது அடி சும்மா கிடைத்தது. இரட்டை அடி என்பது இவ்வளவுதான். இருபது வருடமாக, திரும்பி வரும் குச்சியை வரவிடாமல் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு பகலெல்லாம் தொட்டில், மாலையில் டயர். பேரன் அசைந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். அவனைப்போல் கண்டிப்பான வாத்தியார் ஈப்போவிலும் இல்லை. ஆறாவது வாரம் மணிக்கட்டு ஒரு விரல்கடை மேலே வந்தது. சரோஜா தினமும் வாசல் நிலையில் கரிக்கோடு போட்டு அளந்தாள். மணிக்கட்டு வந்து வெகுநாள் கழித்துத்தான் விரல்கள் நிமிர்ந்தன. கட்டைவிரல் கடைசி. உங்களுக்கும் இப்படி ஒவ்வொன்றாக வந்தால் பயப்படாதீர்கள்.

கல்யாணத்தன்று வலது கைக்குப் பாதிப் பலம்தான். குமரேசன் பிரிஞ்சாங்குக்காரனையும் வரச்சொல்லியிருந்தான். அவன் சொந்தக் குச்சிகளோடு முன்வரிசையில் இருந்தான். நான் போய் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரும் எழுப்பவும் இல்லை.

முதல் பாட்டு. இடது கையை முன்னால் விட்டேன். இடது வலது இடது இடது, வலது இடது வலது வலது. வலது கை பின்னாலேயே நொண்டி நொண்டி வந்தது. அதற்காக இடது கை காத்திருந்தது. நான் தள்ளவில்லை.

மூன்றாவது பாட்டில் பார்த்தேன். ராசம்மா மடியில் கங்காணியின் பேரன், டிரம்முக்கு ஐந்தடி தூரத்தில், வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். இருபது வருட வாசிப்பில் என்னைக் கேட்டு ஒருவர் தூங்கியது அதுவே முதல்முறை. எனக்குக் கண் கலங்கியது.

சாப்பாட்டின்போது குமரேசன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "மச்சான், இத்தன வருசமா ஒங்க பின்னால ஓடித்தான் வாசிச்சேன். இன்னைக்குத்தான் நடந்து வந்தேன்." பிரிஞ்சாங்குக்காரன் குச்சிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு இன்னொரு வாழைப்பழம் எடுத்தான்.

எஸ்டேட் பனியில் வலது கை இன்னும் காலையில் சோம்பும். அதைத் திட்டுவதில்லை. இப்போது இரண்டு கையையும் நெஞ்சின்மேல் வைத்துத்தான் படுக்கிறேன். பார்க்க நன்றாக இல்லை என்கிறாள் சரோஜா. எழுந்ததும் முதல் வேலை, வாசலில் நின்று அவளுக்குக் கையசைப்பது. கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் பார்க்காவிட்டாலும் அசைப்பேன். கை மேலே போகிறது, உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, பிறகு தானாகத் திரும்பி வருகிறது. அது நிற்கிற அந்தக் கணம் எவ்வளவு நீளமானது என்று, கை விழுவதற்கு முன் எனக்குத் தெரியாது.