பொன்மணியின் ரயில் பொட்டலம்

அடையாறில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு எதிரே ஒரு பெங்காலி மெஸ். அதை நடத்துகிற பொன்மணி ஆதம்பாக்கத்துக்காரி. வங்காளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால், "சென்ட்ரல்ல ரயில் ஏறுனா வந்துரும் சார்" என்பாள். வாசல் பலகையில் இருக்கிற பெங்காலி எழுத்து ஒன்றுகூட அவளுக்குப் படிக்க வராது. ஆனால் கல்கத்தாவிலிருந்து வருகிறவர்கள் அவள் வைத்த கடுகு மீனைத் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "தீதி, உங்களுக்கு அங்கே எந்த ஊர்?" என்று அக்கா முறை வைத்துக் கேட்கிறார்கள்.

தெருக்கோடியில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பதால்தான் இங்கே பெங்காலி மெஸ். வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இந்தத் தெரு லாட்ஜுகளில் தங்குகிறார்கள். மாத்திரையை என்னிடம் வாங்குவார்கள், சோற்றை அவளிடம். நான் சைவம். கடுகெண்ணெய் வாடையும் மீன் வாடையும் மூக்கைத் துளைக்கிற இடத்தில் உட்கார்ந்து, பருப்பும் கத்திரிக்காய் வறுவலும் மட்டும் கேட்டுச் சாப்பிடுகிற ஒரே ஜென்மம் நான்தான். வீட்டில் சமைத்துப் போட ஆளில்லை. எனக்குச் சமைக்கப் பொறுமையும் இல்லை.

பொன்மணி அங்கே பாத்திரம் தேய்க்கத்தான் வந்தாள். மெஸ்ஸை ஆரம்பித்த பெங்காலிக்காரர் ஊரடங்கில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அடுப்பு சும்மா கிடக்கிறதே என்று இவள் பற்றவைத்தாள். ஏரி மீனை அவள் வாயில் வைக்க மாட்டாள். "மண்ணு வாசனை சார், எப்பிடித்தான் துன்றாங்களோ" என்று முகம் சுளித்துக்கொண்டே ரோகு மீனைக் கழுவுவாள். ருசி பார்க்காமல் எப்படி உப்புப் போடுகிறாய் என்றால், வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதாகச் சொல்வாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. நோயாளி எப்படி இருக்கிறார் என்று யாரிடமும் கேட்கவே மாட்டாள். வந்த புதிதில் ஒரு பெரியவரிடம் கேட்டுவிட்டாளாம். பிசைந்த சோற்றை அவர் அப்படியே விட்டு எழுந்து போய்விட்டார். "அவங்களே சொன்னா கேட்டுக்கலாம். சோத்துல கை வெச்சவன கேள்வி கேக்கக் கூடாது" என்று அன்றோடு விட்டுவிட்டாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு ரயிலில் சாப்பிடப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். லூச்சி என்று அவர்கள் சொல்கிற மைதா பூரி, உருளைக்கிழங்கு, இரண்டு துண்டு வறுத்த மீன். காசு வாங்க மாட்டாள். பிழைத்துப் போகிறார்களே என்கிற சந்தோஷம் அவளுக்கு.

ஹபீபுர் ரஹ்மான் முர்ஷிதாபாத்திலிருந்து மனைவியோடு வந்தார். துணிக்கடையில் தையல் வேலை பார்ப்பவர், மெதுவாகப் பேசுவார். மனைவி லாட்ஜ் மாடியிலேயே இருந்தாள், படியிறங்க முடியவில்லை. அதனால் பொன்மணி அவள் முகத்தைப் பார்த்ததே கிடையாது. ஆனால் இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஹபீபுர் கையிலிருந்த டிபன் கேரியர் வழியாக ஒரு சிநேகிதம் நடந்தது. "பாகற்காய் இன்னும் கொஞ்சம் வதங்கணுமாம்" என்பார் அவர். "உன் பொண்டாட்டிக்கு நாக்கு நீளம்னு சொல்லு" என்று பொன்மணி தனக்குத் தெரிந்த மெஸ் பெங்காலியில் பதில் அனுப்புவாள். மறுநாள் அதற்கு ஒரு பதில் வரும். ஒருநாள் கழுவிய கேரியருக்குள் ஒரு செம்பருத்திப் பூ வந்தது. லாட்ஜ் மாடித் தொட்டியில் பூத்ததாம். பொன்மணி அதை நாள் முழுக்கக் கல்லாவின் மேல் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

அப்புறம் சில நாட்கள் கேரியர் வரவில்லை. ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். பொன்மணி வழக்கம்போல் யாரையும் கேட்கவில்லை.

ஒரு காலையில் ஹபீபுர் வந்தார். நான் பருப்பில் கை வைத்திருந்தேன். "தீதி, இன்றைக்கு ரயில்" என்றார். பொன்மணிக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. என் வறுவலை மறந்து மாவைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பொட்டலம் கட்டினாள். இரண்டாவதைக் கொடுக்கும்போது, "இது அவளுக்கு. உப்பு சரியா போட்டிருக்கேன், இதுலயும் நொட்டை சொன்னா அடுத்த தபா சோறு கிடையாதுன்னு சொல்லு" என்று பெங்காலியும் தமிழும் கலந்து சொல்லிச் சிரித்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தலையைச் சாய்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் லாட்ஜ் மேனேஜர் அமீன் சாப்பிட வந்தான். "பாவம் அக்கா அந்த ஹபீபுர் பாய். முந்தாநாள் சம்சாரம் தவறிட்டாங்க. ஊருக்கு எடுத்துட்டுப் போற நெலமை இல்ல. நாங்க நாலு பேருதான் இங்கயே கபரஸ்தான்ல கொண்டுபோயி அடக்கம் பண்ணோம். தனியாப் போறாரு மனுஷன்" என்றான்.

பொன்மணி கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று அதற்கப்புறம் அவள் அதைத் தொடவில்லை. வந்தவர்களுக்கு மீனை அமீனும் சோறு பருப்பை நானும் எடுத்துப் பரிமாறினோம். சாயங்காலம் என் கடை வாசலில் வந்து நின்று, "சிரிச்சிக்கினே குடுத்தேன் சார். அந்தாளு மூஞ்சைப் பாத்து சிரிச்சேன். இன்னா மனுஷி நானு?" என்று அழுதாள். "தெரியாமல் செய்ததுதானே" என்றேன். அது யாருக்கும் உதவாத வார்த்தை என்று சொல்லும்போதே தெரிந்தது.

அதோடு ரயில் பொட்டலம் நின்றது. ஊருக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் சமையற்கட்டுக்குள் போய்விடுவாள். பிறகு ஒருநாள், மெஸ்ஸை மூடிவிட்டு அதே இடத்தில் இட்லிக் கடை போடப்போவதாகச் சொன்னாள். இடத்துச் சொந்தக்காரரிடம் பேசியாகிவிட்டது, மாதக் கடைசியில் பலகையை இறக்குவதாம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை பேரும் எங்கே போய்ச் சாப்பிடுவார்கள்? பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ராத்திரியெல்லாம் நோயாளி பக்கத்தில் உட்காரட்டுமா?" என்று கத்தினேன்.

"இட்லி துன்றவன் காலையில வருவான், துன்னுட்டு ஆபீசுக்குப் போவான். அவன் வூட்டுல யாரு செத்தாங்க பொழைச்சாங்கன்னு எனக்கு வோணாம் சார். எனக்கு முடியல" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதனால் எனக்கு மேலே கத்தவும் முடியவில்லை.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது ஹபீபுர் ரஹ்மான் வந்து நின்றார். மனைவியின் கபருக்கு வந்திருக்கிறார். ஆள் இளைத்திருந்தார். நேராக உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். பொன்மணி அவரைப் பார்த்த வேகத்தில் உள்ளே போய்க் கதவோரம் ஒண்டிக்கொண்டாள். "சார், நீங்க போய் இன்னா வோணும்னு கேளுங்க. எனக்குக் காலு வர மாட்டேங்குது" என்றாள். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத நான், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டு மீன் குழம்பும் சோறும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் சாப்பிடவில்லை. "தீதி என் மேல் கோபமாக இருக்கிறாரா?" என்று இந்தியில் கேட்டார். மருந்துச் சீட்டை விளக்கி விளக்கியே எனக்கும் கொஞ்சம் இந்தி வரும். கோபமில்லை, தெரியாமல் இரண்டு பொட்டலம் கொடுத்துவிட்டதை நினைத்து நினைத்து அவள் நொந்துபோயிருக்கிறாள், மெஸ்ஸையே மூடப்போகிறாள் என்று சொன்னேன்.

அவர் கதவைப் பார்த்துப் பேசினார். அவர் சொன்னது இதுதான்:

"திரும்பிப் போக இரண்டு பேருக்கும் சேர்த்தே டிக்கெட் எடுத்திருந்தேன். அந்தப் பொட்டலத்தை அவள் பெர்த்தில் வைத்தேன். டிக்கெட் பரிசோதகர் வந்து அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கிற வரை அது அங்கேயே இருந்தது. அன்றைக்கு டாக்டர், லாட்ஜ்காரர், ஊரிலிருந்து போனில் என் அண்ணன், எல்லாரும் அவள் செத்துவிட்டாள் என்றுதான் என்னிடம் பேசினார்கள். உலகத்தில் உங்கள் ஒருவருக்கு மட்டும் அவள் உயிரோடு இருந்தாள். உங்கள் சமையலில் குறை சொல்லிக்கொண்டு இருந்தாள். அதை நான் எப்படிக் கெடுப்பேன் தீதி? எனக்கு அது வேண்டியிருந்தது. அதனால்தான் வாங்கிக்கொண்டேன்."

அவர் பேசிய இந்தியில் பாதிக்கு மேல் பொன்மணிக்குப் புரிந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். சாப்பிட வந்தவர் எதிரில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். பேச வாயெடுத்தபோது, தெரிந்த பெங்காலியெல்லாம் மறந்துபோய்த் தமிழ்தான் வந்தது.

"எனக்கு இன்னிக்கும் அப்பிடித்தான் நைனா. நான் அவள உசுரோடயும் பாக்கல, செத்தும் பாக்கல. எனக்கு அவ எப்பவும் மாடி ரூம்புலதான கீறா."

ஹபீபுருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்தார். நான் இந்தியில் சொன்னேன். பிறகுதான் அவர் சோற்றில் கை வைத்தார்.