மேன்டில் பையும் மெயின்லேண்ட் பையும்

என் மருமகள் கல்லோடு குடும்பம் நடத்துகிறவள். என் மகனைக் கட்டிக்கொண்டதும் அந்தப் பழக்கத்தில்தான் என்று நான் சொன்னால் அவள் சிரிப்பாள். அவன் சிரிக்க மாட்டான்.

அவள் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கல்லைப் படிக்கிற டாக்டர். கடல் தாண்டி, மெயின்லேண்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டாள். அன்றிலிருந்து லம்பா லைனில் இருக்கிற எங்கள் வீட்டில் கால் வைக்கிற இடமெல்லாம் கல். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் கல், செருப்புக்குப் பக்கத்தில் கல், ஒரு நாள் ஃபிரிட்ஜுக்குள்ளும் ஒன்று இருந்தது. கேட்டால், கை தவறி வைத்துவிட்டேன் அத்தை என்றாள். நல்லவேளை, குழம்பில் போடவில்லை.

அவள் என்னதான் படிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தேன். பூமிக்கு மேலே ஓடு மாதிரி ஒன்று இருக்கிறதாம். அதற்கு அடியில், யாராலும் தோண்டிப் பார்க்க முடியாத ஆழத்துக்கு இருப்பது மேன்டில். அது சில சமயம் கொஞ்சம் உருகி, ஓட்டில் இருக்கிற வெடிப்பு வழியாக மேலே வந்து கறுப்பாக உறைந்துவிடும். மெயின்லேண்டில் அப்படி உறைந்த கல்லுக்கு இருநூறு கோடி வருஷத்துக்கு மேலே வயசாம். எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"நீங்க பிழியற பால் இருக்கில்ல அத்தை, அதான் அந்தக் கறுப்புக் கல்லு. பாலை மட்டும் பார்த்து, தேங்கா எப்பிடின்னு சொல்லணும். முத்தலா, இளசா, முன்னாடியே ஒருக்கா பிழிஞ்சதா, யாராச்சும் நடுவுல உப்பைக் கலந்தாங்களா. பஸ், இவ்ளோதான் என் வேலை."

இதற்கா இத்தனை வருஷப் படிப்பு, சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்தே நான் சொல்லிவிடுவேனே என்றேன். பூமியைத் தட்டிப் பார்க்க முடியாதே என்றாள். மெயின்லேண்டுக்கு அடியில் எல்லா இடத்திலும் ஒரே தேங்காய் இல்லை, இடத்துக்கு இடம் வேறு என்பதுதான் அவள் சொல்ல வந்தது. எங்கள் தீவில் இன்னொரு வசதி. கடலுக்கு அடியில் இருந்த தரை நெருக்கப்பட்டு மேலே ஏறி வந்ததுதானே இந்தத் தீவு. அதோடு மேன்டிலும் ஒரு துண்டு வந்துவிட்டது. அங்கே பால்தான் கிடைக்கும், இங்கே சக்கையே கையில் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவள் திட்டம்.

பால் எங்கிருந்து எடுத்தாள் தெரியுமா? நான் பிறந்த ஊரிலிருந்து. தருமபுரிப் பக்கம் எங்கள் காடு கழனிகளுக்கு நடுவே கறுப்புக் கல் வரிசை ஒன்று நேராக ஓடும். யாரோ சுவர் கட்ட ஆரம்பித்து, மேஸ்திரி சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டது போல இருக்கும். சின்ன வயதில் ஆட்டை ஓட்டிவிட்டு அதன்மேல்தான் உட்காருவேன். ஒரு லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சுத்துப்பட்டில் இருந்த வரிசைகளிலெல்லாம் உடைத்தாள். என் அண்ணன் வயலில் இருந்த கல்லில் மட்டும் அவளுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. பக்கத்து வரிசை மாதிரியேதான் இருக்கு அத்தை என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்கு மரியாதை வேண்டாமா என்று அதிலும் ஒன்று எடுக்க வைத்தேன். அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் ஏழு என்று அவள் எழுதியபோது டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

அந்தக் கற்களில் முக்கியமானவற்றை லேபில் கொடுத்துச் சோதித்து முடித்துவிட்டாள். மிச்சம் ஒரு நீல ரெக்சின் பையில் வந்து என் கட்டிலுக்கு அடியில் குடியேறியது. அது மெயின்லேண்ட் பை. அதே நிறத்தில் இன்னொரு பை கதவுக்குப் பின்னால். அதில் தீவுக் கல், பச்சைக் கறுப்பாக, சோப்பு மாதிரி வழுக்கும். அது மேன்டில் பை. எந்த மகராசன் இந்த இரண்டு வார்த்தையையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தானோ.

தீவுக் கல்லைச் சோதிக்க லேபில் மிஷினுக்கு ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். அதற்கு அவள் எட்டு மாதம் காத்திருந்தாள். அந்தத் தேதி போனால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும், அதற்குள் பதிவுக் காலமே முடிந்துவிடும். படித்ததெல்லாம் வீண். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம் என்பதால் அவளுக்கு லீவு கிடையாது. கூட வேலை பார்க்கிற டீச்சரின் புருஷன் சென்னைக் கப்பலில் சமையல்காரர். அவர் பையைக் கொண்டுபோய்ச் சென்னையில் கொடுத்தால், அங்கிருந்து லேபுக்கு அனுப்ப ஆள் இருந்தது.

கப்பல் கிளம்புகிற அன்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் செய்தாள். எங்கள் நெட்வொர்க் பாதி வார்த்தையைத் தின்றுவிட்டு மீதியைத்தான் கொடுக்கும்.

"அத்தை, ஆட்டோக்காரர் வர்றாரு. மேன்டில் பையைக் குடுத்துருங்க."

"மெயின்லேண்ட் பையா?"

"ஹாங், மேன்டில் பை."

அவள் சொன்னதை நான் கேட்டேன், நான் சொன்னதை அவள் கேட்டாள், இரண்டு பேருக்கும் திருப்தி. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பை தினமும் என் கால் கட்டைவிரலைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. மெயின்லேண்டுக்குப் போகிற கப்பலில் மெயின்லேண்ட் பை போகிறது, சரியாகத்தானே இருக்கிறது என்று மனசு உடனே ஒத்துக்கொண்டது. ஆட்டோக்காரரோடு சேர்ந்து நானே இழுத்து வெளியே விட்டேன்.

மாலையில் மருமகள் வந்தாள். செருப்பைக் கழற்றக் கதவை ஒதுக்கினாள். பை அங்கேயே இருந்தது. என்னைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், குனிந்து அடியில் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவளோ ஹேர்பின்னைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். கப்பல் அதற்குள் கடலுக்குள் போயிருந்தது. அடுத்த கப்பல் போய்ச் சேருவதற்குள் தேதி தாண்டிவிடும்.

மேன்டிலுக்குத் தமிழில் கவசம் என்று பேராம், பிறகு சொன்னாள். அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் பூஜை அலமாரியிலிருந்து ஒரு கவசப் புத்தகத்தை அனுப்பியிருப்பேன், இரண்டு கல் பையாவது வீட்டில் இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு விளையாட்டுப் பேச்சு எனக்கு வாயில் வரவில்லை. அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நான் போகிறேன் என்றேன்.

"நீங்க தனியா பிளேன்ல போனதே இல்லையே, அத்தை."

"கல்லும்தான் போனதில்ல. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவோம்."

என் மகன் டிக்கெட் எடுத்தான். அபர்டீன் பஜாரில் ஒரு கெட்டியான பை வாங்கி வந்தான். பிளேனில் பதினைந்து கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். கல்லே பதினேழு. அதனால் இரண்டு கல் என் கைப்பைக்குள் வந்தது, என் புடவைகள் எல்லாம் அலமாரிக்குத் திரும்பிப் போயின. ஒரே ஒரு மாற்றுப் புடவையில் ஒரு கல்லைச் சுற்றி எடுத்துக்கொண்டேன். கல்லை எடுக்கவும் கொண்டுபோகவும் மருமகள் முன்பே வாங்கி வைத்திருந்த அனுமதிக் கடிதத்தை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

ஏர்போர்ட்டில் கைப்பையைச் சோதிக்கிற ஆள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இந்தத் தீவிலிருந்து ஒரு சிப்பியைக்கூட யாரும் சும்மா கொண்டுபோக முடியாது, நான் கல்லைக் கொண்டுபோகிறேன். இது என்ன என்று ஹிந்தியில் கேட்டார். என் ஹிந்தி மீன் வாங்கப் போதும், மற்றதற்குப் போதாது. மேன்டில் என்றேன்.

"அம்மாஜி, மெயின்லேண்டுக்குத்தான் எல்லாரும் போறாங்க. இந்தப் பத்தர், இந்தக் கல்லு, என்னான்னு கேக்கறேன்," என்று அவர் பாதி தமிழில் சொன்னார்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். யூனிஃபார்ம் போட்ட, படித்த மனுஷன். அவர் காதுக்கும் அதேதான் கேட்டிருக்கிறது. வீட்டுக்குப் போன் போட்டு மருமகளிடம் அவரைப் பேச வைக்கலாம் என்று தோன்றியது. கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். பெரிய அதிகாரி ஒருவர் வந்து அதை இரண்டு முறை படித்து, கல்லை ஒரு முறை முகர்ந்து, போகச் சொன்னார். ஏன் முகர்ந்தார் என்று இன்றுவரை தெரியாது.

சென்னையிலிருந்து ரயிலில் லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது தேதிக்கு மூன்று நாள் பாக்கி. அங்கே கல் அரைக்கிற வேலையில் என் வயதுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு அம்மா இருந்தார். நான் முதலில் அனுப்பிய தப்பான பையும் வந்திருந்தது. வந்ததை அரைக்க வேண்டியதுதானே என்று அவர் அரைத்தும் வைத்துவிட்டார். வரிசையாகச் சின்னச் சின்ன பாட்டில். நான் ஆடு மேய்த்தபோது உட்கார்ந்த கல்லெல்லாம் கேழ்வரகு மாவு நிறத்தில் உள்ளே இருந்தது. களி கிண்டலாம் போல இருந்தது. தீவுக் கல்லை என் கண் முன்னாலேயே சுத்தியால் உடைத்து, வெளிப்பக்கம் மக்கினதை ஒதுக்கி, நல்லதை மட்டும் அரைக்கிற மிஷினில் போட்டார். பச்சைப்பயற்று மாவு மாதிரி விழுந்தது.

எல்லா பாட்டிலையும் தட்டில் அடுக்கியபின் அவர் என்னைப் பார்த்து, ஒரு குழி காலியாக இருக்கிறது, அந்தக் கறுப்புக் கல் மாவில் எதையாவது வைக்கட்டுமா, மேடத்தைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். போன் செய்தேன். மருமகள் பரீட்சை ஹாலில் இருந்தாள், எடுக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. ஏழாம் நம்பர் என்றேன். வேறு எதற்கும் இல்லை, அண்ணன் வயல் கல்லை அவள் மதிக்கவில்லை என்ற கோபம் எனக்குள் இன்னும் இருந்தது.

நான் வீடு திரும்பிய பிறகு ஒரு நாள், முடிவு வந்ததும் அவள் பேப்பரோடு நேராகச் சமையற்கட்டுக்கு வந்தாள். தீவுக் கல் அவள் நினைத்தபடியே, பிழிந்து பிழிந்து ஒன்றும் இல்லாத சக்கை. ஊரில் மற்ற வரிசைகளுக்கெல்லாம், ஏற்கெனவே ஒரு தரம் பிழிந்து பிறகு உப்புக் கலந்த தேங்காய். அது முன்பே தெரிந்ததுதான்.

"இந்த ஏழு யாரு வெச்சது?"

நான் வெங்காயத்தை ரொம்பக் கவனமாக நறுக்கினேன்.

"சொல்லுங்க அத்தை. இது ஒண்ணு மட்டும் யாரு பேச்சையும் கேக்கல. நாலு வயல் தள்ளி இருக்கிற கல்லு ஒரு மாதிரி, இது வேற மாதிரி. பிழியாத தேங்கா. அடியில அவ்ளோ பக்கத்துலயே மாறுது."

"எங்க அண்ணனும் அப்பிடித்தான். ஊரே ஒரு பக்கம் போனா அவரு இன்னொரு பக்கம் போவாரு."

சந்தோஷப்படுகிறாளா, அழுகிறாளா என்று தெரியாத முகத்தோடு நின்றாள். ஒரே ஒரு கல்லை நம்பி எழுத முடியாது, அதே வரிசையில் இன்னும் இரண்டு மூன்று வேண்டும், ஆராய்ச்சியை எழுதிக் கொடுக்கிற கடைசித் தேதிக்கு நாள் குறைவு. அண்ணனுக்குப் போன் போட்டேன். உன் மருமகளுக்குத் தெரியாத கல்லா என்று ஒரு பாட்டம் குத்திக் காட்டிவிட்டு, மறுநாளே பார்சல் கட்டி நேராக லேபுக்கு அனுப்பினார். அரைக்கிற அம்மா மற்றவர்கள் வேலைக்கு நடுவே அதையும் செருகிக் கொடுத்தார். மூன்றும் ஏழாம் நம்பரைப் போலவே பேசின. மருமகள் ஒரு அத்தியாயத்தையே அழித்து எழுதினாள். அந்த இரண்டு மாதமும் சமையல் நான், துணி என் மகன், வீட்டில் சத்தமே கிடையாது. கடைசித் தேதிக்கு முன்தினம் கொடுத்து முடித்தாள்.

பட்டத்துக்கான கடைசிப் பரீட்சை, கேள்வி கேட்டுப் பதில் சொல்வது, கம்ப்யூட்டரிலேயே நடந்தது. அவள் உள் அறையில் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கதவுக்கு வெளியே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இங்கிலீஷ் மழை. ரொம்ப நேரம் நன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். திடீரென்று ஒரு கேள்விக்கு நிறுத்திவிட்டாள். எனக்கு உரித்த பட்டாணி கையிலேயே நின்றது. அப்புறம் அவள் சொன்ன பதிலில் எனக்குப் புரிந்தது 'மதர் இன் லா' மட்டும்தான். அந்தப் பக்கம் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"பாஸா?"

"பாஸ்."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்க?"

ஏழாம் நம்பர் கல்லை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பரீட்சை வைத்த பெரியவர் கேட்டாராம். பொய் சொல்ல வரவில்லை, என் மாமியார் தேர்ந்தெடுத்தது என்று சொல்லிவிட்டாளாம்.

"இப்ப அந்த சார் உங்க போன் நம்பரைக் கேக்கறாரு. அவரு ஸ்டூடன்ட் ஒருத்தனுக்கு எங்க உடைக்கணும்னு தெரியலையாம்."

கொடு, ஆனால் மத்தியானம் தூங்கி எழுந்த பிறகு போன் பண்ணச் சொல் என்றேன். அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மடியில் தலையை வைத்துக்கொண்டு, வெகு நேரம் சிரித்தாள். பட்டாணியெல்லாம் கொட்டிப்போயிற்று.