ஒற்றைச் சதுசேயன்

யேசு காலத்தில் இத்தனை கட்சிகள் இருந்தன என்று எங்களுக்குச் சொன்னவர், பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் மறைக்கல்வி படிப்பித்த அண்ணை. மற்ற நேரங்களில் அவர் ரூ லூயி-பிளாங்க் தெருவில் என் அப்பா வேலை செய்த உணவகத்திலேயே கொத்துரொட்டி கொத்திக்கொண்டிருப்பார். 2010 தவக்காலத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு நாடகம் போட அவருக்கு ஆசை வந்தது. யேசு, சீடர்கள், ரோமச் சிப்பாய்கள் என்று வழக்கம்போல முடித்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. பரிசேயர், சதுசேயர், எசேனியர், ரோமருக்கு எதிராகக் கத்தி தூக்கியவர்கள், எல்லாக் கட்சியும் மேடை ஏறவேண்டும் என்றார்.

கத்தி தூக்கியவர்களைப் பற்றிச் சொல்லும்போது, ஊரில் துவக்குத் தூக்கியவர்களை நினைத்து, "அது அப்பத்தைய இயக்கம் எண்டு வையுங்கோவன்" என்றார். பெடியள் முக்கால்வாசிப் பேர் கையை உயர்த்திவிட்டார்கள். பரிசேயருக்குப் பஞ்சுத் தாடியும் குஞ்சம் வைத்த அங்கியும் உண்டு என்றதும் மிச்சக் கைகளும் உயர்ந்தன. பாலைவனத்தில் ஒதுங்கி வாழ்ந்த எசேனியருக்கு மேடையில் வசனமே இல்லை. எப்போதும் ஒட்டிக்கொண்டு திரியும் இரண்டு சகோதரிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அன்று தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கையை உயர்த்தவேண்டிய நேரத்தில் என் கை மூக்கில் இருந்தது. அதனால் சதுசேயர் கட்சி எனக்கு வந்தது. தலைவரும் நானே, தொண்டரும் நானே.

"அவை ஆர் அண்ணை?" என்று கேட்டேன்.

"அவைக்குச் சிறகு வைச்ச சம்மனசும் இல்லை, ஆவியும் இல்லை, செத்தவை எழும்புறதும் இல்லை. நீ யேசுவோடை வாதாடித் தோற்கவேணும். வடிவாத் தோற்றுப்போ, தம்பி."

தோற்பதில் எனக்குப் பள்ளிக்கூட உதைபந்தாட்டத்திலேயே போதிய பயிற்சி இருந்தது. ஆனால் ஆவி இல்லை என்ற கொள்கை என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. காரணம் லா கூர்னெவில் இருந்த எங்கள் வீடு. ஏழாம் மாடி. பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது அப்பா உணவகத்தில் இருப்பார், அம்மா கந்தோர்கள் துப்புரவாக்கும் வேலையில் இருப்பாள். கழுத்தில் தொங்கும் திறப்பால் கதவைத் திறந்து உள்ளே போனால், குழாய்க்குள் தண்ணீர் முனகும். மேல்வீட்டில் கதிரை இழுபடும். எல்லாவற்றுக்கும் ஆவிகளே பொறுப்பு என்று நம்பி, அம்மா வரும்வரை தொலைக்காட்சியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு முதுகைச் சுவரோடு ஒட்டி இருப்பேன்.

சதுசேயன் ஆனபின் விளக்கைப் போடாமலே கழிப்பறைக்குப் போய்வந்தேன். ஆனால் கட்சிக் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டே. படுக்கும்போது சொல்லும் காவல் சம்மனசு செபத்தையும் நிறுத்தவேண்டி வந்தது. பேயை விரட்டிய கையோடு சம்மனசையும் விரட்டியாயிற்று. அதன் பிறகு அந்த வீட்டில் உண்மையிலேயே நான் ஒருவன்தான் இருந்தேன்.

பெரியவர்களும் இரண்டு கட்சியாக இருந்தார்கள். எங்கள் வீட்டில் செத்தவர்கள் சட்டம் போட்ட படமாகச் சுவரில் இருப்பார்கள், உயிரோடு இருப்பவர்கள் பிரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டியிருப்பார்கள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, என் பள்ளிக்கூடப் படத்துக்குப் பக்கத்தில் பிரிட்ஜில் இருந்தார். முந்தின வருஷம் வன்னியில் சண்டை முடிந்த மே மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"வருஷம் வரப்போகுது. ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒரு பூசையாவது குடுப்பம். நீர் ஒருக்கா யோசியும்" என்பார் அப்பா.

"உயிரோடை இருக்கிறவனுக்கு ஆராவது ஆன்மப் பூசை குடுப்பினமே?" என்பாள் அம்மா. பிறகு பிரிட்ஜைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடுவாள்.

நாடகத்துக்கு அம்மாதான் என்னைத் தயார்ப்படுத்தினாள். அவள் லீக்ஸ் அரிந்துகொண்டு நிற்பாள், நான் கதிரையில் ஏறி நின்று என் வசனத்தை முழங்குவேன்: "மண்ணுக்குள் போனவர் திரும்பி வருவதில்லை. வந்த ஒருவரைக் காட்டும் பார்ப்போம்!"

யேசுவின் பதிலை அவள் சொல்வாள்: "கடவுளின் முன்னால் இறந்தவர் எவருமில்லை. எல்லாரும் வாழ்கிறார்கள்."

உடனே நான் முழந்தாளில் விழவேண்டும். விழுவேன். "திருப்பிச் சொல்லு" என்பாள். மறுபடி ஏறி, முழங்கி, விழுவேன். "இன்னொருக்கா." என் 'ர' பிரெஞ்சுக்காரன் 'ர'வாக இருந்ததால்தான் இந்தத் தண்டனை என்று நினைத்து, நாக்கை மடக்கி மடக்கிப் பாடுபட்டேன். முழங்கால் சிவந்துபோனது. யேசு களைக்கவே இல்லை.

ஒருநாள் அவள் வேலையால் வந்து, மேல்சட்டையையும் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள்.

"இண்டைக்கு மாத்திச் செய்வம். நீ யேசு, நான் சதுசேயன்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம், விழத் தேவையில்லை. அவள் ஏறி நிற்கவில்லை, கையை நீட்டவில்லை. பிரிட்ஜைப் பார்த்தபடி, "மண்ணுக்குள்ளை போனவர் திரும்பி வாறேல்லை" என்றாள். அடுத்த வரியைச் சொல்லவில்லை.

"அப்பிடி இல்லையம்மா. கோவமாச் சொல்லுங்கோ. கேக்கிறவைக்குச் சதுசேயன் எண்டு விளங்கவேணும்" என்றேன்.

அவள் திரும்பவும் அதையே, அதே குரலில் சொன்னாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யேசு என்ன சொல்வார் என்பதை அதுவரை ஒருநாளும் நான் கவனித்துக் கேட்டதில்லை. என் கவனமெல்லாம் எப்போது விழுவது என்பதில் இருந்தது.

"அது எனக்குத் தெரியாது. என்ரை வசனம் இல்லையே" என்றேன்.

"ஓம் என்ன, உன்ரை வசனம் இல்லைத்தானே" என்றுவிட்டு, அடுப்பைப் பற்றவைக்க எழும்பினாள்.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் அம்மா கோயில் பாதரிடம் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் அப்பாவும் வந்து வாசலில் நின்றார்.

"என்ரை தம்பிக்கு ஆன்மப் பூசை குடுத்திட்டன். படத்துக்கும் ஒரு சட்டம் போடுங்கோ" என்றாள்.

அத்தனை மாதமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இப்ப என்ன அவசரம்? தடுப்பு முகாமிலை இருந்து இன்னும் ஆக்களை விட்டுக்கொண்டுதானே இருக்கிறாங்கள். கொஞ்சம் பொறுத்துப் பாப்பமே" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. என் பழைய தடிமன் அவருக்குத் தொற்றிவிட்டது என்று நினைத்தேன்.

கார் து நோர் ரயில் நிலையம் வரை அவர் எங்களோடு நடந்துவந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்த நான், அம்மா என் கட்சியில் சேர்ந்துவிட்டாள், அப்பா கட்சி தாவிவிட்டார், கொள்கையில் உறுதியாக நிற்பவன் நான் ஒருவன்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். மறுத்துச் சொல்ல அம்மா இருந்த துணிவில்தான் அத்தனை நாளும் அப்பாவால் மாமாவைச் செத்தவர் என்று சொல்ல முடிந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.