போர்த்துக்கல் ஆத்தங்கரைப் பத்தையள்

இண்டைக்கு மல்வேர்ன் பஸ்ஸில, நான் போகப்போற போர்த்துக்கல் சைக்கிள் சுற்றுலாப் படங்களை ஃபோனில பாத்துக்கொண்டிருந்தன். செடியும் பத்தையுமாப் பச்சைப் பசேலெண்ட ஆத்தங்கரையால ஒரு கிழமை ஆறுதலா ஓடுறது.

பக்கத்தில எங்கட பில்டிங் குணம் அண்ணை.

"வடிவா இருக்கெல்லே அண்ணை?"

படத்தைப் பெருப்பிச்சுக் கனநேரம் பாத்தார்.

"உந்தப் பத்தையள் காணாது. குந்தினாலும் தலை தெரியும்."

எனக்கு விளங்கேல்லை.

"ஏஜென்சிக்காரன் எங்களை ஐரோப்பாவுக்குள்ள களவா நடத்திக் கொண்டுவரேக்க, பகல் முழுக்க உப்பிடி ஒரு ஆத்தங்கரையிலதான் ஒளிச்சிருந்தனாங்கள். பொலிஸ் நாயளோட தேடினவன்."

இறங்கேக்க தோளில தட்டினார். "உமக்கென்ன, பாஸ்போர்ட் இருக்கு. நடுறோட்டால ஓடலாம்."

வீட்ட வந்து பாத்தா சுற்றுலாக்காரரின்ர மெயில். பாதுகாப்புக்காக, தூரத்திலயே ஆள் தெரியிற மாதிரி மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு வரட்டாம்.

குணம் அண்ணைக்கு இதை ஆர் சொல்லுறது?