தணிகாசலத்தின் அட்டைகளில் தெரு இல்லை

தணிகாசலம் இறந்துபோன செய்தி, கறுப்புக் கரை போட்ட ஒரு கருமாதிப் பத்திரிகையாகச் சென்னையில் என் விடுதிக்கு வந்தது. வேலை விட்டு வந்து, சாவி வாங்கும் மேசையில் கிடந்ததை எடுத்துப் பிரித்தேன். மஞ்சள் காமாலை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஒன்றரை வருடம் அவருக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான்; அந்தப் பட்டத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். துக்கத்தில் பங்கேற்பவர்களின் பட்டியலில் முதல் பெயர், அவரை வேலையை விட்டுத் துரத்திய முதலாளியுடையது. கையைக் கழுவிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஏஜென்சியில் பெயர் கொடுத்தவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜவ்வரிசி ஆலைகளுக்குச் சீசன் ஆட்கள், குடோன்களுக்குச் சுமைதூக்குகிறவர்கள், லீவில் போன டைப்பிஸ்டுக்குப் பதில் டைப்பிஸ்ட் என்று தற்காலிக ஆட்களை அனுப்புவது அங்கே தொழில். முதலாளி ஆர்டர் பிடிப்பார். ஆளைத் தேடிப் பிடித்து அனுப்புகிற எழுத்தர் தணிகாசலம். அவரிடம் மூன்று இரும்பு இழுப்பறை நிறைய அட்டைகள் இருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் பெயர், அப்பா பெயர், தெரிந்த வேலை. அவற்றுக்குக் கீழே, யாரிடம் சொன்னால் சேதி போய்ச் சேரும் என்று ஒரு வரி. ‘டவுன் பஸ் இரண்டாவது நடை கண்டக்டர்.’ ‘அணைக்குப் போகும் முனையில் சைக்கிள் கடை.’ ‘மலை ஆள். சந்தைக்கு வருவார். உப்புக் கடையில் சொல்ல வேண்டும்.’

இந்த அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் என்னை எடுத்தார்கள். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, பாண்டிச்சேரியில் ஒரு வருடம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். எலவனாசூர்கோட்டையிலிருந்து தினமும் பஸ். மடியில் எப்போதும் ஒரு நூலகப் புத்தகம் இருக்கும். யாரோடும் அதிகம் பேச மாட்டேன். தணிகாசலத்தின் அட்டைகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உப்புக் கடை எப்படி ஒரு தகவலாகும்? நான் படிவம் அச்சடித்தேன். கதவு எண், தெரு, ஊர், தபால் குறியீட்டு எண். ஒவ்வொன்றுக்கும் இத்தனை எழுத்து என்று அளந்து வைத்தேன்.

அந்தச் சமயத்தில் முதலாளி வந்து, சாதிக்கு ஒரு கட்டம் போடச் சொன்னார். முடியாது என்றேன். வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தேவையில்லாத தகவலைச் சேர்த்தால் மெஷின் மெதுவாக ஓடும் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி விடு என்று போய்விட்டார். அவ்வளவு சுலபமாக விட்டதை என் வெற்றி என்று நினைத்துத் தணிகாசலத்திடம் போய்ச் சொன்னேன். நல்லது செய்தாய் என்றார். பிறகு படிவத்தில் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“இன்னாம்மா இது, தெருவு எதுக்கு? ஆளக் கூப்டப் போறோமா, பொண்ணு பாக்கப் போறோமா?”

நான் சிரித்தேன். முகவரி என்றால் தெரு இல்லாமலா என்றேன். ஆனால் அவர் நிரப்பி அனுப்பிய படிவங்களில் எல்லாம் தெருவுக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது. ‘பூர்த்தி செய்யப்படவில்லை’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். தெருவைக் காலியாக விட்டால் மெஷின் கத்தும்படியும், அடுத்த கட்டத்துக்குப் போகாதபடியும் எழுதியிருந்தேன். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. ஜன்னலில் வந்து நின்ற ஒவ்வொருவரிடமும், குரலைத் தாழ்த்தி, தெருவைக் கேட்டு எழுதினார்.

முகவரிகளின் லட்சணம் சீக்கிரமே தெரிந்தது. ஓர் ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றக் கல்வராயன் மலை ஆட்கள் ஆறு பேர் வேண்டியிருந்தது. தபால் குறியீட்டு எண்ணோடு நான் ஆறு கார்டு போட்டேன். தணிகாசலம் உப்புக் கடையில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை ஆறு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். என் கார்டுகள் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தன. அவர் அதைச் சொல்லிக் காட்டவே இல்லை. கார்டுகளை வாங்கி, பின்பக்கம் பாதி வெற்றாக இருக்கிறது, கணக்குப் போட ஆகும் என்று மேசையில் வைத்துக்கொண்டார்.

அந்த வருடம்தான் மறியல். இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்கள்; ஒரு வாரம் பஸ் ஓடவில்லை, நான் ஊரிலேயே அடைந்து கிடந்தேன். மறியலுக்குப் போனவர்களிலும் பலர் எங்கள் அட்டைகளில் இருந்தவர்கள்தான். அவர்கள் கேட்டதும் வேலைதான். சிலர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். சில ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிந்தன. பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் டவுன் பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று ஜனங்கள் ஒரு கணம் யோசித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

ஜவ்வரிசி சீசன் வந்தது. ஓர் ஆலைக்காரர், இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரே கொட்டகையில் போட்டால் அடிதடி வரும், ஒரு பக்கத்தை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். முதலாளி நேராக என் மேசைக்கு வந்தார்.

“சாதி வேணான்னியே பாப்பா, சரி, வேணாம். தெருவுவாரியா ஒரு லிஸ்டு எடுத்துக் குடு.”

எடுத்துக் கொடுத்தேன். அச்சு இயந்திரம் கிரீச்சிட்டுக்கொண்டே ஊர் ஊராக, தெருத் தெருவாகப் பிரித்துப் போட்டது. மூன்றாவது தாளில்தான் எனக்கு உறைத்தது. காலனி, காலனி, காலனி என்று ஒன்றன்கீழ் ஒன்றாக, இடம் பிசகாமல், நான் அளந்து வைத்த கட்டத்துக்குள் அழகாக நின்றது. நான் நிறுத்தவில்லை. மீதித் தாள்களும் வரும் வரை காத்திருந்து, ஓரத்தைக் கிழித்து, அடுக்கிக் கொடுத்தேன். முதலாளி சிவப்புப் பென்சிலால் ஒரே இழுப்பாக இழுத்தார்.

தணிகாசலம் கேட்டார், நிறுத்துவதானால் ஏன் இவர்களை என்று. முதலாளி சொன்ன பதிலை நான் மறக்கப் போவதில்லை. “அவங்கள நிறுத்தினா ஆலையக் கொளுத்துவாங்க. இவங்கள நிறுத்தினா எவன்யா கேக்கப் போறான்?”

அடிக்கப்பட்ட பெயர்களில் ஒன்று செந்தாமரை. கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி. பன்னிரண்டாவது படித்தவள், ஆலையின் எடைமேடையில் சீட்டு எழுதுவாள். தொடர்ந்து மூன்று சீசன் வந்தவரை நிரந்தரமாக்கிக்கொள்வது அந்த ஆலையின் வழக்கம். அவளுக்கு இரண்டு முடிந்திருந்தது, இது மூன்றாவது. ஒரு சீசன் விட்டுப்போனால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து ஜன்னலில் கூட்டம். முகவரி மாற்றம் என்றார்கள். எல்லோரும் ஒரே தெருவுக்குக் குடி போயிருந்தார்கள்: பஜார் தெரு. செந்தாமரையின் முறை வந்தபோது கதவு எண் கேட்டேன்.

“நீங்களே ஒண்ணு போட்டுக்குங்கக்கா. பஜாருல எங்களுக்கு வூடு குடுத்தாங்கன்னா அப்பறமா வந்து நம்பரு சொல்றேன்.”

வரிசையே சிரித்தது. நான் தணிகாசலத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பில்லை. “போடும்மா. காலியா வுட்டாத்தானே அது கத்தும்? இப்ப கம்முனு கீது பாரு,” என்றார். நான் போட்டேன். இரண்டு நாளில் பஜார் தெருவில் நாற்பது பேரைக் குடிவைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல தகவல் பதிவு அதுதான். புதுப் பட்டியல் போயிற்று. அவர்களும் வேலைக்குப் போனார்கள்.

மூன்று வாரம் தாங்கியது. ஆலையில் யாரோ ஒரு மேஸ்திரி முகத்தை அடையாளம் கண்டு சொல்லிவிட்டார். முதலாளி மேலே ஏறி வந்து, யார் வேலை இது என்று கேட்டார். மாற்றியது என் விரல்கள். நான் பேசாமல் இருந்தேன். தணிகாசலம் எழுந்து நின்று, நான்தான், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்றார். முதலாளி வாசலைக் காட்டினார். தணிகாசலம் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு, படியில் இறங்கிப் போனார்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் எழுதாமல் விட்டுவிடலாமா என்று நாலு நாளாக யோசித்தேன். விட்டால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. முதலாளி என்னைப் பார்த்து, பழைய முகவரி எல்லாம் போச்சா என்று கேட்டார்.

“இல்லீங்க, ஃப்ளாப்பியில எடுத்து வெச்சிருக்கேன்,” என்றேன்.

மிரட்டப்பட்டுச் சொல்லவில்லை. வகுப்பில் பதில் தெரிந்த மாணவி கையைத் தூக்குவதுபோலச் சொன்னேன். ஒழுங்காக நகல் எடுத்து வைத்திருப்பவள் என்ற பெருமையோடு சொன்னேன். சாப்பாட்டு நேரத்துக்குள் பஜார் தெருவிலிருந்து நாற்பது பேரையும் திருப்பிக் காலனிக்கு அனுப்பினேன். முதலாளி, படித்த பிள்ளை படித்த பிள்ளைதான் என்று பாராட்டினார். அநியாயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். மடியில் அன்றைக்கும் ஒரு புத்தகம் இருந்தது.

செந்தாமரையைப் பாதிச் சீசனில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜன்னலுக்கு வந்தாள். கிளார்க்கு எங்கே என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். என் மெஷினை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். நான் இன்னும் நாலு மாதம் அங்கேயே வேலை பார்த்தேன். இப்போது என் விடுதியில் தினமும் தகுதி, திறமை என்று பேச்சு நடக்கிறது. தில்லியில் புதிதாக ஓர் இட ஒதுக்கீட்டுச் சண்டை. அந்தப் பேச்சு தொடங்கியதும் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவேன். செந்தாமரையின் எடைச்சீட்டில் ஓர் அடித்தல் திருத்தம் இருந்து நான் பார்த்ததில்லை.

சென்னை வேலைக்குக் கிளம்பிய நாளில் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது தணிகாசலத்தைக் கடைசியாகப் பார்த்தேன். ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருந்தார். என்னைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் விடவில்லை. தானும் யோக்கியமில்லை என்றார். சில ஹோட்டல்களுக்கும் சில வீடுகளுக்கும் யாரை அனுப்பக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் அவரும் இத்தனை வருடம் அனுப்பியிருக்கிறார். அனுப்பினால் வாசலிலேயே அவமானப்படுத்தித் திருப்புவார்கள் என்று பயம்.

“என் தலையிலயும் தெருவு இருந்துச்சும்மா. ஆனா என் தலைய எவனும் அச்சடிச்சி எடுத்துகினு போவ முடியாது. நீ அத வெளிய எடுத்து வெச்சிட்ட.”

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு, கோபமில்லாமல், ஆனால் என்னைத் தேற்றும் எண்ணமும் இல்லாமல் சொன்னார்:

“பழசு இருக்குதான்னு கேட்டப்ப இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். மெஷினப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும்? அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மாசந்தான் பாக்கி.”

என் பஸ் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டார்.

படத்திறப்புக்குப் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். முதலாளி மாலை போட்டு, இவர் எங்கள் நிறுவனத்தின் தூண், கம்ப்யூட்டர் காலத்துக்கு எங்களை அழைத்துச் சென்றவர் என்று ஒலிபெருக்கியில் பேசினார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் பலருக்கு நடந்தது தெரியும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், வெயிலில், தணிகாசலம் வேலைக்கு அனுப்பிய காலனி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். செந்தாமரையும் இருந்தாள். இப்போது வேறோர் ஆலையில் கிழங்கு உரிக்கிறாளாம், தினக்கூலி. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

“எங்களுக்குக் கடைசிப் பந்தின்னாங்கக்கா. கிளார்க்கு இருந்திருந்தா பஜார் தெருவுன்னு சொல்லி மொதப் பந்தியில குந்த வெச்சிருப்பாரு.”

நானும் சாப்பிடாமல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். முதலாளி பின்னாலேயே வந்தார். புது மெஷின் வாங்குகிறாராம். பழையதில் இருந்ததெல்லாம் பூச்சி அரித்த மாதிரி போய்விட்டதாம். “அந்த ஃப்ளாப்பி ஒண்ணு வெச்சிருந்தியே பாப்பா, இருக்குதா?”

இருந்தது. என்னோடு சென்னைக்கு வந்து, என் பெட்டியின் அடியில் இருந்தது.

“இல்லீங்க,” என்றேன்.

அவர் வருத்தப்படவில்லை. பரவாயில்லை, விழுப்புரத்தில் ஒருத்தர் புதிதாகவே செய்து தருகிறார், படிவம்கூட அச்சாகிவிட்டது என்றார்.

தணிகாசலத்திடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த ஒரு பொய்தான். மூன்று வருடம் தாமதமாகச் சொன்னேன். அதனால் எவருக்கும் ஒரு நாள் வேலைகூடக் கிடைக்கவில்லை. இருந்தாலும் அதை வைத்திருக்கிறேன். சொல்லிப் பார்த்தபோது அவ்வளவு கஷ்டமாக இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.