குதிரையா, ஊசியா?

அந்த ஊரில் எந்த வீட்டுக் குளியலறையில் தண்ணீர் தேங்காமல் நேராக ஓட்டையைப் பார்த்து ஓடுகிறதோ, அங்கே டைல்ஸ் போட்டவர் பூட்டு என்று அர்த்தம். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு; அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. இளவயதில் ஊர் கால்பந்து அணியின் கடைசி வரிசையில் நின்றவர். அவரைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் பூட்டு. இன்றைக்கு அறுபதைத் தாண்டியாகிவிட்டது. முட்டி போட்டே பிழைக்கிற தொழிலில் முதலில் தேய்ந்தது முட்டிதான். காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் இரண்டும் எண்ணெய் காணாத கீல் மாதிரி முனகும்.

பெரிய ஆட்டக்காரர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. அவரும் சொல்லிக்கொண்டதில்லை. ஊர் தலையில் தூக்கி வைத்து ஆடியது இரண்டே பேரைத்தான். ஒருவர் குதிரை. பகலெல்லாம் மரக்கிடங்கில் கட்டை தூக்கிவிட்டு, தோளில் ஒட்டிய மரத்தூளோடு மைதானத்துக்கு வந்து கோல் போட்டவர். இறந்துபோய் வருஷங்களாகிவிட்டன. இன்னொருவர் ஊசி. இரண்டு பேருக்கு நடுவே இடமே இல்லாத இடத்தில் பந்தோடு நுழைந்து அந்தப் பக்கம் வருகிற ஒல்லிக்குச்சி. இப்போது தொப்பை போட்டு, பார்சல் வேன் ஓட்டுகிறார். குதிரை பூட்ஸைக் கழற்றிப் பல வருஷம் கழித்துத்தான் ஊசி வந்தார். இருவரும் ஒருநாள்கூட ஒரே மைதானத்தில் இறங்கியதில்லை.

பெலேவா, மரடோனாவா, மெஸ்ஸியா என்று உலகமே அடித்துக்கொள்கிறது. அதற்கு முடிவு வராது. வராததால் யாருக்கும் குடி முழுகிவிடாது. இந்த ஊரில் அப்படி விட முடியாமல் போனதற்குக் காரணம், மைதானத்தில் புதிதாகக் கட்டிய கேலரி. அதற்கு ஒரு பேர் வைக்க வேண்டும். க்ளப் கமிட்டி பாதிக்குப் பாதியாகப் பிளந்தது. கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு, ஒரு நாற்காலியை உடைத்ததுதான் மிச்சம். கடைசியில் மருந்துக்கடை வைத்திருக்கிற செயலாளர் வழி கண்டுபிடித்தார்.

"ரெண்டு பேரையும் எதிர்த்து நின்ன ஆள் ஊர்ல ஒருத்தர்தான் இருக்கார். நம்ம பூட்டு. டீம்ல சேர்ந்த புதுசுல, பயிற்சியில குதிரையை மறிச்சவர். ஓய்வு வாங்கறதுக்கு முன்னாடி ஊசியை மறிச்சவர். அவர் ஒரு பேரைச் சொல்லட்டும், அதோட முடிச்சுக்குவோம்."

சம்பந்தப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவானது இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் அவர் சொல்ல வேண்டும். முடிவான அன்றைக்கே பிடித்தது அவருக்குச் சனி.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஆரம்பித்தது. அந்த பஸ்ஸின் கண்டக்டர் குதிரையின் மகள். தன் அப்பாவோடு ஆடிய பொடியன் என்பதால் பூட்டைச் 'சித்தப்பா' என்றுதான் கூப்பிடுவாள். டிக்கெட்டைக் கிழித்தவள் அதைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"எங்கப்பா பேரைத்தானே சொல்லப்போறீங்க, சித்தப்பா?"

"பாக்கலாம்மா. யோசிக்கணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அவர் அடிச்ச பந்து கோல் கம்பத்துல பட்டு, கம்பமே சாஞ்சுதுன்னு ஊரே சொல்லுது. தண்ணி குடிச்சுக் கல்லா கனத்துப்போற தோல் பந்து அது. இந்தக் காலத்துப் பசங்க அதை உதைச்சா கால் விரல் பேந்துடும்."

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு இளைஞன் தலையை நீட்டினான். "அக்கா, கம்பம் சாஞ்சதுன்னா அது உளுத்துப்போன கம்பம்க்கா. ஊசி அண்ணன் ஆறு பேரை ஏமாத்திப் போட்ட கோல் என் போன்லயே இருக்கு."

பிறகு பஸ்ஸே இரண்டு கட்சியாயிற்று. டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "எல்லாரும் வாயை மூடினாத்தான் எடுப்பேன்" என்றார். தான் இன்னும் ஒரு பேரும் சொல்லவில்லை, அதற்குள் நடுரோட்டில் நிற்க வேண்டியிருக்கிறதே என்று பூட்டுக்கு வயிறு எரிந்தது.

வேலை செய்கிற இடத்திலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. மாடி வீடு ஒன்றில் குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார்.

"குதிரையோட வீடியோ தேடினேங்க. ஒண்ணுகூட இல்ல. இருக்கறது ஒரே ஒரு போட்டோ, அதுலயும் கண்ணை மூடிட்டு நிக்கறார். பாக்காத ஆளை எப்படிப் பெரியவர்னு ஒத்துக்கறது?"

பூட்டு ரப்பர் சுத்தியலால் டைல்ஸின் மூலையைத் தட்டினார்.

"அதுவும் அந்தக் காலத்துல டிஃபென்ஸே கிடையாதாமே? சும்மா மரம் மாதிரி நிப்பாங்களாம், யார் வேணா கோல் போடலாமாம்?"

பூட்டு மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "நான்தாங்க அந்த டிஃபென்ஸ்."

வீட்டுக்காரர் அசடு வழிந்துகொண்டே போய்விட்டார். ஆனால் அந்தக் கோபத்தில் தட்டிய அடுத்த தட்டில் டைல்ஸ் குறுக்கே விரிசல் விட்டது. அதைச் சுரண்டி எடுத்து, பசையை வழித்து, புதிதாக ஒன்றை அறுத்து ஒட்டுவதற்குள் மதியமாகிவிட்டது. தொழிலுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவர் கையால் டைல்ஸ் உடைவது அபூர்வம்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது ஊசியின் தம்பிக்கு. குதிரை என்று சொன்னால், சொந்தச் சம்பந்தியை விட்டுக்கொடுத்த மனுஷன். ஊசி என்று சொன்னால், மகளுக்காகச் சாய்ந்த மனுஷன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மகள் போன் பண்ணினாள். "அப்பா, அத்தை மூணு நாளா என்கிட்ட ரொம்பப் பாசமா இருக்காங்க. பயமா இருக்குப்பா. ஏதாவது ஒண்ணைச் சொல்லி முடிங்க."

மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் கறையோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு எதையும் பட்டென்று முடித்துவிட வேண்டும். "ரெண்டு பேரும் சமம்னு சொல்லிட்டு வாங்களேன். வாய் வலிக்குதா?"

"சமம்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுவும் ஒரு தீர்ப்புதானே?"

"அப்ப யாரு பெரியவர்?"

"அதுதான் தெரியாதுங்கறேன்!"

"ரெண்டு பேர் காலையும் பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்க. தெரியாதுன்னா யார் நம்புவா?" என்று கேட்டுவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள். நியாயமான கேள்விதான். அதனால்தான் அவருக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

சனிக்கிழமை சாயங்காலம் ஊசியே வந்தார். மைதானத்தில் பழகிய நாட்களில் பூட்டை 'அண்ணே' என்பார். தம்பி கல்யாணத்துக்குப் பிறகு 'மாமா' என்று மாறியது. வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வேன் டயர் தேய்வதைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாமா, நாளைக்கு நீங்க யார் பேரை வேணா சொல்லுங்க. எனக்கு வருத்தமில்ல. இப்ப நம்ம ரெண்டு பேர்தான் இருக்கோம். எனக்காக மட்டும் சொல்லுங்க. நானா, அவரா?"

ஊரெல்லாம் கேட்டபோது வராத வருத்தம் அப்போது பூட்டுக்கு வந்தது. இவனுமா?

"நீ என்னைத் தாண்டிப் போனப்ப என் முட்டி ஏற்கெனவே போயிடுச்சுப்பா. வலி மாத்திரை போட்டுட்டு ஆடிட்டிருந்தேன். டீம்லேருந்து தூக்கிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. அப்ப என்னை யாரு வேணா தாண்டியிருப்பாங்க."

ஊசியின் முகம் சுருங்கியது. "யாரு வேணாவா?"

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல..."

"இல்லண்ணே. புரியுதுண்ணே." மாமா போய் அண்ணே வந்துவிட்டது. எழுந்தவர் செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு போனார். வேன் கிளம்புகிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை க்ளப் ஹால் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் மரக்கிடங்கு ஆட்கள், நரைத்த தலைகள், குதிரையின் மகள். மறுபக்கம் போனும் கையுமாக இளைஞர்கள், நடுவில் மகளின் மாமியார். ஊசி கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். செயலாளர் மைக்கைக் கொடுத்தார். பூட்டு முந்தின இரவெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

"குதிரையை நான் மறிச்சப்ப எனக்கு மீசை அரும்பற வயசு. அவருக்கு நாப்பது நெருங்கிடுச்சு, மூச்சு வாங்கும். ஊசியை மறிச்சப்ப அவனுக்கு மீசை அரும்பற வயசு. எனக்கு முட்டி போயிடுச்சு. நான் நல்லா ஆடின காலத்துல ரெண்டு பேருமே எதிர்ல இல்ல. நான் எதை வச்சு அளக்கறது? பந்து வேற, தரை வேற, பின்னாலேருந்து காலை வெட்டினா அப்ப ஏன்னு கேக்க ஆளில்ல..."

"சுத்தி வளைக்காதீங்க, பேரைச் சொல்லுங்க!" என்று ஒரு குரல்.

"அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். குதிரையை முதல் நாள் பாத்தப்ப..."

"ஆ! குதிரைன்னுட்டார்!" மரக்கிடங்குப் பக்கம் கைதட்டல்.

"இல்லைங்க, இருங்க. அதே மாதிரி ஊசி முதல் தடவை..."

"ஊசின்னுட்டார்!" மறுபக்கம் விசில்.

அவர் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ரெண்டு பேரையும் முழுசா பாத்தவன் இந்த ஊர்ல எவனும் இல்ல! நானும் இல்ல! எனக்குத் தெரியாது!"

ஹால் அடங்கியது. யாரோ, "சம்பந்தி வீட்டுக்குப் பயந்துட்டார்" என்றார்கள். வேறு யாரோ, "குதிரை மேல பொறாமை, செத்தும் தீரல" என்றார்கள். இரண்டு பக்கமும் அன்று முதல்முறையாக ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது: பூட்டு உருப்படியில்லாத சாட்சி. அவர் மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

அவர் போன பிறகுதான் கூத்து. செயலாளருக்கு மறுபடியும் ஒரு யோசனை வந்தது. குதிரை என்று வைத்தால் ஒரு பாதி கேலரியில் கால் வைக்காது. ஊசி என்று வைத்தால் மறுபாதி வைக்காது. ஒருவரையும் உறுத்தாத பேர் ஒன்று இருக்கிறதே! கைகள் உயர்ந்தன. எதிர்த்து ஒரு கைகூட இல்லை. பூட்டு கேலரி.

சேதி கேட்டதும் பூட்டு வேலைச் சட்டையோடு மருந்துக்கடைக்கே போய் நின்றார்.

"என் பேரை எடுங்க. அவங்க ரெண்டு பேரும் எங்க, நான் எங்க? கேக்கறவன் சிரிப்பான்."

செயலாளர் ஒரு அம்மாவுக்கு இருமல் மருந்தைக் கட்டிக்கொண்டே சிரித்தார். "இந்த அடக்கம் இருக்கு பாருங்க, இதுக்குத்தான் உங்க பேரு."

"அடக்கம் இல்லைங்க, கோவம்!"

"தெரியும், தெரியும்" என்றார் செயலாளர்.

அடக்கம் என்று செயலாளர் சொன்னார். ஊர் வேறு மாதிரி சொன்னது. நடுவில் நின்று நாட்டாமை பண்ணி, கடைசியில் பேரைத் தானே அமுக்கிக்கொண்டார் என்று டீக்கடையில் பேச்சு. மகளின் மாமியார் பாசத்தைக் குறைத்துக்கொண்டார். மனைவி மட்டும், "திட்டியா எழுதியிருக்காங்க? பேருதானே?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. பதிலுக்குத் திட்டலாம்.

கேலரி திறந்த அன்று ஆட்டம் பார்க்கப் போகாமல் இருக்கவும் முடியவில்லை. டிக்கெட் வாங்கி, எதிர்ப்பக்கம் வெயிலில், கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டார். கேலரியில் ஊசி தன் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பூட்டு ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டினார். ஊசி தன்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் குதிரையின் மகள்தான் கண்டக்டர். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவள் அவரிடம் டிக்கெட்டை நீட்டுவதோடு சரி. அன்று கூட்டம் இறங்கிக் காலியான பிறகு, எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு எங்கப்பாவை முதல் நாள் பாத்தப்பன்னு ஆரம்பிச்சீங்க. முடிக்க விடல. அது என்ன, சித்தப்பா?"

கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பூட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பந்தோட எனக்கு நேரா வந்தார்மா. வேகமே இல்ல, நடை மாதிரிதான். நான் பந்தையே பாத்துட்டிருந்தேன். அவர் இடது தோளைக் கொஞ்சமா, இத்தனூண்டு, தாழ்த்தினார். அவ்வளவுதான். நான் அந்தப் பக்கமா போய் விழுந்தேன். அவர் இந்தப் பக்கமா நடந்து போயிட்டார். பந்து எப்ப நகர்ந்ததுன்னே எனக்குத் தெரியல. திரும்பி வந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, 'நான் கிழவனாயிட்டேன், நீ லேட்டா வந்துட்டே'ன்னார்."

அவள் காத்திருந்தாள். கம்பம் சாய்வதற்காக, வலை கிழிவதற்காக.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா. ஆனா அந்தத் தோள்..." என்று அவர் தன் தோளைத் தாழ்த்திக் காட்டப் பார்த்தார். வயசான தோள், வெறுமனே சரிந்தது.

"கோல் போட்டாரா?"

"அது வெறும் பயிற்சிம்மா."

"ஓ" என்று அவள் எழுந்து, பைக்குள் டிக்கெட்டுக் கட்டைச் சரி செய்துகொண்டாள். "உங்க ஸ்டாப் வந்துடுச்சு, சித்தப்பா. பாத்து இறங்குங்க."

அவர் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறு காலை வைத்து இறங்கினார். "தோளை மட்டும்மா, இத்தனூண்டு" என்று திரும்பிச் சொல்லும்போது பஸ் கிளம்பியிருந்தது.