ஃபிலோமினா மேடத்தின் உள்ளங்கால்

ஃபிலோமினா மேடம் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தார்... தூக்கத்திலேயே ஹார்ட் அட்டாக். எழுபத்திரண்டு வயது.

தி.நகர் ஆபீஸில் பதினோரு வருடம் எனக்கு எதிர் சீட். சாந்தோம்காரர். இருபது வருட சுகர், ரிட்டையர் ஆனபின் காலில் இறங்கிவிட்டது.

"ஒரு கால் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி எரியுது ரவி. இன்னொண்ணு இருக்கான்னே தெரியல. ரெண்டையும் சமாதானம் பண்ணித்தான் வாக்கிங் கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் அரை மணி என்றால் இவர் முக்கால் மணி நடப்பார். ஒருநாள் லஸ் பக்கத்து பார்க்கில் ஒரு செருப்பு கழன்றதே தெரியாமல் இரண்டு ரவுண்டு. பின்னால் வந்தவர் எடுத்துக் கொடுத்தால், "என்னுது இல்லீங்க" என்று சாதித்திருக்கிறார்!

அன்றிலிருந்து டாக்டர் ஸ்ட்ரிக்ட். ஷூ போட்டுத்தான் நடக்க வேண்டும், தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாது. அதனால் போட்டோ எடுத்து வேளச்சேரியில் இருக்கும் மகளுக்கு அனுப்புவார்.

ஒருநாள் அது தவறிப்போய் எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் க்ரூப்புக்கு வந்துவிட்டது. முருகன் படத்துக்கும் ரோஜாப்பூ குட்மார்னிங்குக்கும் நடுவில்... ஒரு உள்ளங்கால்.

மூன்று பேர் பார்க்காமலே கும்பிடு போட்டார்கள்.

பழைய டிரைவர் ஏகாம்பரம் மட்டும் வாய்ஸ் மெசேஜ். "இன்னா மேடம், காலங்காத்தால காலைக் காட்டிக்கினு கீறீங்க? ஆமா... குதிகால்ல இன்னாவோ குத்திக்கினு கீதே, பாத்தீங்களா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். டிராயிங் பின்! தலை மட்டும்தான் வெளியே.

போன் செய்தால், மேடம் பார்க்கில் இரண்டாவது ரவுண்டு. "வலிக்கவே இல்லையே ரவி?"

"அதான் மேடம் பயமா இருக்கு. அப்படியே உக்காருங்க, ஒரு அடிகூட நடக்காதீங்க."

மாம்பலத்திலிருந்து ஆட்டோவில் பறந்தேன். பின்னை எடுத்த டாக்டர், "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா காலே போயிருக்கும்" என்றார். மேடம் என் கையை விடவே இல்லை.

வெளியே வந்ததும், "ஏகாம்பரத்துக்கு ஒரு பிரியாணி வாங்கித் தரணும்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து போட்டோ நேரடியாக க்ரூப்புக்கே. "கிளியர் மேடம், போய்க்கினே இருங்க" என்று ஏகாம்பரம் சொன்னால்தான் ஷூ மாட்டுவார்.

போன வருடம் பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்கு, சாந்தோமிலிருந்து நடந்தே போவேன் என்று அடம். துணைக்கு நானும் போனேன். அடையாறு பாலம் வருவதற்குள் கால் எரிச்சல் தாங்காமல் ஆட்டோ. கோயிலுக்கு நூறடி முன்னால் இறங்கி, நடந்து வந்த கூட்டத்தோடு கலந்துவிட்டார்.

வாசலில் நின்ற ஃபாதர் அசந்துபோனார். "இந்த வயசுல இவ்வளவு தூரமா அம்மா!" மேடம் தலைகுனிந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டார்.

"மேடம், இது பொய் இல்லையா?"

"நான் வாயே திறக்கலையே. ஃபாதர் தானா நினைச்சுக்கிட்டா நான் என்ன பண்றது? மத்த பாவங்களோட இதையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன்."

சொன்னாரா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று மாலை நான்கு மணிக்கு அடக்கப் பூசை, சாந்தோமில். ஆபீஸ் நண்பர்கள் வந்துவிடுங்கள்.

போய் வாங்க மேடம்... மெதுவா.